பழைய ஹார்ட் டிஸ்க் தட்டுகளை வீட்டு லேத்தில் பயன்படுத்துவது: முழுமையான வழிகாட்டி

பழுதான ஹார்ட் டிஸ்கைப் பிரிப்பவர்கள் பெரும்பாலும் காந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். காந்தம் நல்ல பொருள்தான். ஆனால் வீட்டில் சின்ன லேத்தோ டிரில்லிங் மெஷினோ வைத்திருப்பவருக்கு, உள்ளே அடுக்கியிருக்கும் அந்தப் பளபளக்கும் தட்டுகள்தான் பெரிய வரவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை அலுமினியத் தகடு என்று நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். மெல்லியது, மெத்தென்றிருக்கும், மேல்தோல் வேறு உளியைத் தேய்க்கும். இதைவிட நல்ல தகடு எங்கும் கிடைக்கும். ஆனால் இது தகடு அல்ல, ஏற்கெனவே கடைந்து முடித்த ஒரு பாகம். வெளிவிட்டமும் நடுத்துளையும் ஒரே மையத்தில் இருக்கும். இரண்டு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும். மேடு பள்ளம் மைக்ரான் கணக்கில்தான். இப்படி ஒரு தட்டை நாமே கடைய உட்கார்ந்தால் ஒரு நாள் போய்விடும், அப்போதும் இந்தச் சமதளம் வராது. அதனால் எவ்வளவு குறைவாக வெட்டுகிறோமோ அவ்வளவு லாபம். கீழே வரும் எல்லா வேலையும் அந்தக் கணக்கில்தான் போகிறது.

அளவும் உள்ளமைப்பும்

மேசைக் கம்ப்யூட்டரில் வரும் 3.5 அங்குல டிரைவின் தட்டு பொதுவாக 95 மி.மீ. விட்டம், நடுத்துளை 25 மி.மீ. தடிமன் பலவற்றில் 1.27 மி.மீ., சிலவற்றில் 0.8 அல்லது 1 மி.மீ. லேப்டாப்பில் வரும் 2.5 அங்குல டிரைவில் 65 மி.மீ. விட்டம், 20 மி.மீ. துளை, தடிமன் 0.635 அல்லது 0.8 மி.மீ. நிமிடத்துக்கு 10,000, 15,000 சுற்று ஓடும் சர்வர் டிரைவுகளின் பெட்டி 3.5 அங்குலமாக இருந்தாலும் உள்ளே தட்டு சிறியதாகவே இருக்கும். எதையும் நம்பாமல் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, தடிமன் வாரியாகப் பிரித்து வையுங்கள்.

95 மி.மீ. தட்டின் உள்பகுதி பெரும்பாலும் அலுமினியமும் மக்னீசியமும் கலந்த உலோகம். அதன்மேல் இருபுறமும் சுமார் 10 மைக்ரான் தடிமனுக்கு நிக்கல்-பாஸ்பரஸ் பூச்சு. அதற்கு மேல்தான் தரவைத் தாங்கும் கோபால்ட் கலவைப் படலம், நானோமீட்டர் கணக்கில். அதன்மேல் கார்பன் படலம். எல்லாவற்றுக்கும் மேலே ஃப்ளோரின் கலந்த மசகு, ஏறக்குறைய ஒரு மூலக்கூறு தடிமனுக்கு.

வேலைக்கு இதில் மூன்று விஷயங்கள் முக்கியம். நிக்கல் தோல் கடினமானது, உள்ளிருக்கும் அலுமினியத்தைவிடப் பல மடங்கு. உளியின் முனை அந்தத் தோலிலேயே உரசிக்கொண்டிருந்தால் மழுங்கிவிடும். இரண்டாவது, உள்ளே இருக்கும் அலுமினியம் மென்மையானது. ஒரு தடவை வளைந்தால் வளைந்ததுதான், நிமிர்த்தினாலும் பழைய சமதளம் திரும்பாது. மூன்றாவது அந்த மசகு. கண்ணுக்குத் தெரியாது, ஐசோபுரோப்பைலிலோ அசிட்டோனிலோ துடைத்தாலும் எளிதில் போகாது. பசை ஏன் பிடிக்கவில்லை என்று தலையைச் சொறிவதற்கு இதுதான் காரணம்.

பிரித்தெடுத்தல்

டிரைவ் இன்னும் ஓடுகிறது என்றால் பிரிப்பதற்கு முன்பே முழுவதையும் மேலெழுதி அழித்துவிடுங்கள். தட்டில் நான்கு துளை போட்டுவிட்டால் தரவு போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். துளை இல்லாத இடத்தில் அது அப்படியே இருக்கும்.

மூடித் திருகுகள் பெரும்பாலும் டி8 டார்க்ஸ் (நட்சத்திரத் தலைத் திருகு), சிலவற்றில் டி9, லேப்டாப் டிரைவில் டி6 வரை இறங்கும். எல்லாத் திருகையும் கழற்றியும் மூடி வரவில்லையென்றால் நெம்பாதீர்கள். லேபிளுக்கு அடியில் ஒன்று ஒளிந்திருக்கும். விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படும். ஹீலியம் அடைத்த டிரைவுகளின் மேல்மூடி வெல்டு செய்தது. அதை ரம்பத்தால் அறுத்தால் தூள் தட்டுகளின் மேல்தான் விழும். மற்ற டிரைவ் இருந்தால் அதை விட்டுவிடலாம்.

உள்ளே காந்தங்கள் இரண்டு இருக்கும், விரல் பத்திரம். நடுவில் இருக்கும் பிடிவளையத்தின் திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் தட்டுகள் நேராக மேலே வரும். தட்டுகளுக்கு இடையில் இருக்கும் வளையங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 25 மி.மீ. துளையும் இணையான முகங்களும் கொண்ட அவை அருமையான ஸ்பேசர்கள். பிடிவளையமும் அதன் திருகுகளும் பின்னால் உதவும்.

கண்ணாடியா, அலுமினியமா?

இதைச் சோதிக்காமல் எந்தத் தட்டையும் மெஷின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். லேப்டாப் டிரைவுத் தட்டுகளில் பெரும்பாலானவை கண்ணாடி. 3.5 அங்குலத்திலும் உண்டு. 2000இல் வந்த ஐபிஎம் டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி கண்ணாடித் தட்டுகளோடுதான் வந்தது. அதனால் விட்டத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது.

பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எடையும் கைகொடுக்காது. அலுமினியத்தின் அடர்த்தி 2.7, கண்ணாடி ஏறத்தாழ 2.5. ஐந்து கிராம் எடையுள்ள தட்டில் அந்த வித்தியாசம் தடிமன் வேறுபாட்டிலேயே கரைந்துவிடும். மல்டிமீட்டர் வைத்தால் இரண்டிலும் மின்சாரம் பாயும், ஏனென்றால் மேலே இருப்பது உலோகப் படலம்.

நம்பகமான வழி, நடுத்துளையின் விளிம்பில் நுண்ணிய அரத்தை வைத்து இரண்டு தடவை இழுப்பது. அலுமினியம் என்றால் நிக்கல் தோலைத் தாண்டியதும் அரம் கடித்துக்கொண்டு வெள்ளைத் தூள் உலோகமாக விழும். கண்ணாடி என்றால் கீச்சென்று வழுக்கும். கண்ணுக்குக் கவசம் கட்டாயம். ஒரே டிரைவில் நிறைய தட்டு இருந்தால் ஒன்றைப் பலி கொடுக்கலாம்: தடித்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, இடுக்கியால் வளைத்துப் பாருங்கள். நான் முதல் லேப்டாப் தட்டை வெறும் கையால் வளைத்தேன். அது வளையவில்லை, நூறு துண்டாகச் சிதறியது. தரையைப் பெருக்கிய பிறகும் ஒரு வாரம் செருப்பு போட்டுத்தான் நடந்தேன்.

கண்ணாடித் தட்டில் வெட்டும் வேலை எதுவும் வேண்டாம். அதைச் சிறு ஆடியாகவோ, அப்படியே சமதளமாகவோ பயன்படுத்தலாம். இனி சொல்வதெல்லாம் அலுமினியத் தட்டுக்கு.

பிடிப்பதுதான் பாதி வேலை

லேத்தின் மூன்று தாடைச் சக்கில் (வேலைத் துண்டைக் கவ்வும் பிடி) தட்டின் விளிம்பை நேரடியாகப் பிடித்தால் இரண்டு விஷயம் நடக்கும்: தட்டு கிண்ணம்போல வளையும், இல்லாவிட்டால் எகிறிப் பறக்கும். அதனால் முதல் வேலை ஒரு மாண்ட்ரல் (தட்டை மாட்டிச் சுழற்றும் தாங்கி) கடைவது. ஒரு மணி நேரம் பிடிக்கும், பிறகு எல்லா வேலைக்கும் இதுதான்.

சுமார் 80 மி.மீ. விட்டமுள்ள அலுமினியத் துண்டை எடுத்து, முகத்தைச் சமமாகக் கடைந்து, நடுவில் 25 மி.மீ. விட்டத்தில் ஒரு குமிழை விடுங்கள். தட்டை வைத்தே பொருத்தம் பாருங்கள். கையால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், ஆடக்கூடாது. குமிழின் நீளம் தட்டுகளின் மொத்தத் தடிமனைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும், இல்லையென்றால் மேலிருந்து அழுத்தும் மூடி தட்டைத் தொடாமல் குமிழிலேயே உட்கார்ந்துவிடும். குமிழின் நடுவில் எம்8 மரை போடுங்கள். மேல்மூடிக்கு இன்னொரு தடித்த வட்டத் துண்டு. குமிழைக் கடைந்த பிறகு துண்டைச் சக்கிலிருந்து கழற்றினால் மையம் கொஞ்சம் தவறும். அதனால் எந்தத் தாடைக்கு எதிரில் எந்த இடம் இருந்தது என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

லேத் இல்லாதவர்கள் டிரைவின் அச்சையே பயன்படுத்தலாம். தட்டு அதில் கச்சிதமாக உட்காரும், பழைய பிடிவளையமும் அப்படியே பொருந்தும். கோடு போட, மெதுவாகச் சுழற்றிப் பார்க்க நல்ல மேடை. ஆனால் அதன்மேல் டிரில்லை அழுத்தாதீர்கள். அந்தத் தாங்கி பெரும்பாலும் எண்ணெய்ப் படலத்தில் ஓடுவது, பாரத்துக்குச் செய்ததல்ல.

துளையிடுதல்

சென்டர் பஞ்சை (இடம் குறிக்கச் சுத்தியால் அடிக்கும் கூர்முனைக் கம்பி) எடுக்கவே வேண்டாம். சுத்தியால் ஒரு தட்டு தட்டினால் அந்த இடத்தைச் சுற்றித் தட்டு குழிந்துவிடும், எதற்காக இந்தத் தட்டை எடுத்தோமோ அந்தச் சமதளம் போய்விடும். அதற்குப் பதில் குட்டையான சென்டர் டிரில்லால் இடத்தைத் தொடக்கி வையுங்கள். கோடு கிழிக்கக் கார்பைடு (எஃகைவிடக் கடினமான வெட்டுப்பொருள்) முனை வேண்டும், சாதாரண எஃகு ஊசி நிக்கல் மேல் வழுக்கும். மார்க்கர் மையும் மசகின் மேல் திரண்டு போகும். மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் வரைவதே சுலபம்.

தட்டை ஒற்றையாகத் துளையிடாதீர்கள். டிரில் மறுபுறம் வெளியேறும் நொடியில் மெல்லிய தகட்டைக் கவ்வி மேலே தூக்கும். கையில் பிடித்திருந்தால் அது சுழலும் கத்தி. அடியில் தடித்த பிளைவுட், மேலே ஒரு மெல்லிய பிளைவுட், நடுவில் மூன்று நான்கு தட்டுகள் என்று அடுக்கி, 25 மி.மீ. துளை வழியாக ஒரு போல்ட் போட்டு இறுக்கி, ஓரத்தில் கிளாம்ப் போட்டுத் துளையுங்கள். பிசிறும் பெரும்பாலும் மேல், கீழ் தட்டுகளில் மட்டும்தான் வரும்.

3 மி.மீ. டிரில்லுக்கு உங்கள் மெஷின் தரும் அதிகபட்ச வேகம் சரியாகத்தான் இருக்கும். கூர்மையான டிரில், கொஞ்சம் மண்ணெண்ணெய், அடிக்கடி வெளியே எடுத்துச் சீவலைத் தட்டிவிடுதல், இவ்வளவுதான். மண்ணெண்ணெய் இல்லாமல் துளைத்தால் அலுமினியம் டிரில் முனையில் அப்பிக்கொள்ளும்.

விட்டத்தைக் குறைத்தல்

மாண்ட்ரலில் ஏற்றியபின் வெளிவிட்டத்தைக் கடைவது சுலபம். சாதாரண எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) உளிக்கு 95 மி.மீ. விட்டத்தில் நிமிடத்துக்கு 250 முதல் 300 சுற்று போதும். 300 சுற்றில் விளிம்பின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 மீட்டர். முதல் வெட்டு குறைந்தது 0.3 மி.மீ. ஆழம் இருக்கட்டும். பயந்து பயந்து 0.02, 0.03 என்று எடுத்தால் உளி விளிம்பின் நிக்கல் தோலை முதலில் தேய்த்து, தானும் தேய்ந்துபோகும். கார்பைடு முனை வைத்திருந்தால் இந்தக் கவலை குறைவு.

வெளிவந்த ஓரங்களை உடனே அரத்தால் மழுக்குங்கள். நிக்கல் பிசிறு சவர பிளேடுபோல வெட்டும்.

உப்புத்தாள் போடுவதானால் தண்ணீரில் நனைத்துத்தான். நிக்கல், கோபால்ட் தூள் மூச்சில் போகக்கூடாது, சிலருக்குத் தோலிலும் ஒவ்வாமை வரும். கையுறை, முகக்கவசம், வேலை முடிந்ததும் கை கழுவல்.

முதல் திட்டம்: 24 துளைப் பிரிவுத் தட்டு

நான் செய்ததில் அதிகம் பயன்படுவது இதுதான். லேத் அச்சின் பின்முனையில் மாட்டிவிட்டால் 2, 3, 4, 6, 8, 12, 24 என்று சமமாகப் பிரிக்கலாம். போல்ட் தலைக்கு ஆறுமுகம் வைக்கவும், ஃபிளாஞ்சில் துளை போடவும் பிரிவுத்தலை (வட்டத்தைச் சமமாகப் பிரிக்கும் கருவி) வாங்க வேண்டியதில்லை.

ஒரு தட்டு 1.27 மி.மீ. மட்டுமே, துளைக்குள் நுழைந்து அச்சைப் பூட்டும் ஊசி நிற்க அது போதாது. மூன்று சேர்த்தால் 3.81 மி.மீ. முதலில் மூன்றையும் மாண்ட்ரலில் ஏற்றி, 55 மி.மீ. வட்டத்தில் மூன்று எம்3 திருகுத் துளைகள் போட்டு இறுக்குங்கள். பிசிறு நடுவில் மாட்டியிருந்தால் எல்லாம் கோணலாகும், அதனால் ஒருமுறை பிரித்துத் துடைத்து மறுபடி இறுக்குங்கள். எபாக்சியும் போட விரும்பினால், ஒட்டும் பரப்பை 400 எண் உப்புத்தாளால் நனைத்துத் தேய்த்துக் கரகரப்பாக்கினால்தான் பிடிக்கும்.

இப்போது 80 மி.மீ. வட்டத்தில் 24 துளைகள். துளை 4 மி.மீ. என்றால் வெளிவிளிம்புக்கு 5.5 மி.மீ. மிச்சம் இருக்கும். மில்லிங் மேசையில் அளவுகாட்டி இருந்தால் ஆயத்தொலைவு முறைதான் சிறந்தது. ஆரம் 40 மி.மீ.க்கு, 0 டிகிரியிலிருந்து 15 டிகிரி இடைவெளியில் கிடைமட்டத் தூரம் முறையே 40, 38.637, 34.641, 28.284, 20, 10.353, 0. செங்குத்துத் தூரம் இதே எண்கள், தலைகீழ் வரிசையில். மற்ற மூன்று கால்வட்டங்களுக்கும் குறியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அளவுகாட்டி இல்லாதவர்கள் கவராயத்தை 10.44 மி.மீ. வைத்து 24 தடவை நடக்கவிடுவார்கள். அது வேண்டாம். ஒவ்வொரு அடியிலும் 0.05 மி.மீ. பிசகினால் கடைசியில் 1.2 மி.மீ. இடைவெளி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பழைய பள்ளிக்கூட வழியே நல்லது: கவராயத்தை ஆரத்துக்கே, அதாவது 40 மி.மீ.க்கு வைத்தால் வட்டம் ஆறாகப் பிரியும். ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டினால் 12, மறுபடி வெட்டினால் 24. பிழை சேர்ந்துகொண்டே போகாது.

துளைகளை 3.8 மி.மீ. டிரில்லால் போட்டு 4 மி.மீ. ரீமரால் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) முடியுங்கள். ஊசியின் நுனியைக் கொஞ்சம் கூம்பாகக் கடைந்தால் ஆட்டமே இருக்காது. ஒரு துளை 0.1 மி.மீ. தள்ளிப்போய்விட்டதா? பதற வேண்டாம். 40 மி.மீ. ஆரத்தில் 0.1 என்றால் 20 மி.மீ. விட்டமுள்ள வேலையில் அது 0.025 மி.மீ. மட்டுமே. தட்டு பெரிதாக இருப்பதன் பலன் இது.

லேத் அச்சின் துளைக்குள் போகும்படி ஒரு புஷ் (உருளைத் துண்டு) கடைந்து, அதன் முனையில் 25 மி.மீ. குமிழும், உள்ளே கூம்பு போல்ட்டும் வைத்தால் இறுக்கும்போது விரிந்து பிடித்துக்கொள்ளும். ஊசியைத் தாங்கும் பட்டையை ஹெட்ஸ்டாக்கில் (அச்சைத் தாங்கும் லேத்தின் தலைப்பகுதி) பொருத்துங்கள். தட்டு மாட்டியிருக்கும் வரை லேத்தின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி வைக்கவேண்டும். ஊசி உள்ளே இருக்கும்போது யாராவது பொத்தானை அழுத்தினால் தட்டு கிழியும்.

இரண்டாவது: பெரிய அளவு டயல்

சின்ன லேத்துகளின் கைச்சக்கர டயல் கட்டைவிரல் அளவுதான், கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டும். 95 மி.மீ. தட்டின் சுற்றளவு 298 மி.மீ. அதில் 100 கோடு போட்டால் கோட்டுக்குக் கோடு ஏறக்குறைய 3 மி.மீ. உங்கள் திருகின் புரி (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 2 மி.மீ. என்றால் ஒரு கோடு 0.02 மி.மீ. புரி 1.5 என்றால் 75 கோடு போடுங்கள், அதே 0.02 வரும்.

தட்டை மாண்ட்ரலில் ஏற்றி, மோட்டாரை நிறுத்தி, கூரான கார்பைடு முனையை முகத்தில் 0.1 மி.மீ. இறக்கி, குறுக்குச் சறுக்கியை (உளியைக் குறுக்காக நகர்த்தும் பகுதி) இழுத்தால் ஒரு கோடு விழும். ஐந்தாவது கோடு கொஞ்சம் நீளம், பத்தாவது இன்னும் நீளம். பிரிவுக்கு, லேத்தோடு வந்த 100 அல்லது 75 பல் மாற்றுச் சக்கரம் இருந்தால் அதையே அச்சின் பின்முனையில் மாட்டிப் பல்லுக்குப் பல் நகர்த்தலாம்.

கோடு போட்டபின் ஏமாற்றமாக இருக்கும். வெள்ளி நிற நிக்கலில் வெள்ளி நிற அலுமினியக் கோடு, ஒன்றுமே தெரியாது. நிக்கல் தோலை அனோடைஸ் செய்து நிறமேற்றவும் முடியாது. கறுப்பு எனாமல் பெயிண்டைத் தடவி, பத்து நிமிடம் கழித்துத் துணியால் துடைத்துப் பாருங்கள். பசையை ஒட்டவிடாமல் படுத்திய அதே மசகு இங்கே நமக்கு வேலை செய்கிறது: பெயிண்ட் கோட்டுக்குள் நின்றுவிடும், பளபளப்பான முகத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் டயல் செய்யும் தட்டை மட்டும் முன்கூட்டியே உப்புத்தாள் போட்டுவிடாதீர்கள். எண்களை எண் பஞ்சால் அடிக்கலாம் என்ற ஆசையையும் விட்டுவிடுங்கள், தட்டு அலை அலையாகிவிடும்.

மற்ற வேலைகள்

தடிமனான பின்தட்டில் ஒட்டி, மேலே ஒட்டும் வகை நுண் உப்புத்தாள் போட்டால் சிறிய உளிகளைத் தீட்ட நல்ல வட்டு. பின்தட்டு இல்லாமல் வேண்டாம், அழுத்தினால் வளையும்.

1913இல் காப்புரிமை பெற்ற டெஸ்லாவின் இறக்கையில்லாத டர்பைனை இந்தத் தட்டுகளில் செய்து பார்ப்பவர்கள் நிறைய. தட்டுகளும் இடைவளையங்களும் அதற்கென்றே செய்ததுபோல இருப்பது உண்மை. ஆனால் இந்தத் தட்டு 7200 சுற்றில் ஓடியபோது விளிம்பின் வேகம் நொடிக்கு 36 மீட்டர். அழுத்தக் காற்று அதைத் தாண்டி எங்கோ கொண்டுபோகும். நடுத்துளையைச் சுற்றி நீங்கள் போட்ட வெளியேற்றத் துளைகள் அதன் பலத்தை ஏற்கெனவே குறைத்துவிட்டன. வேகத்தை அளக்காமலும், தடித்த எஃகு உறை இல்லாமலும் காற்றைத் திறக்காதீர்கள்.

உருக்கி வார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். பூச்சு 10 மைக்ரான் என்றாலும் நிக்கல் கனமான உலோகம், கணக்குப் போட்டால் தட்டின் எடையில் 4, 5 சதவீதம் வந்துவிடும். வார்ப்பு என்ன கலவை என்று யாருக்கும் தெரியாத ஒன்றாகிவிடும். நைட்ரிக் அமிலத்தில் தோலை உரிப்பதும் தொழிற்சாலை வேலை, அதிலிருந்து எழும் பழுப்புப் புகை நுரையீரலைக் கெடுக்கும். சீவல்களையும் சுத்தமான அலுமினியச் சீவலோடு கலக்காமல் தனி டப்பாவில் போடுங்கள்.

மிச்சத் தட்டுகளை ஒன்றுக்கொன்று நடுவில் காகிதம் வைத்து, படுக்கையாக அடுக்கி வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் மேலே ஏதாவது விழுந்து ஒன்றாவது வளைந்துவிடும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்ன டேப் ஒட்டித் தடிமனை எழுதிவிட்டால், அடுத்த தடவை 0.8 மி.மீ. இடைத்தகடு வேண்டும் என்கிறபோது மைக்ரோமீட்டரைத் தேட வேண்டியிருக்காது.